சி.டி. ஃபைல் இப்போது யார் மேசையில்?

“வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்கு மாற்றம்” என்று செய்தி வருகிற நாளில், நடைமுறையில் இடம் மாறுவது ஒரு கோப்பு. ஸ்டேஷனில் அதற்கு சி.டி. ஃபைல் என்று பெயர். சி.டி. என்றால் கேஸ் டைரி. எஃப்.ஐ.ஆர். நகல், நாள்வாரியாக எழுதிய டைரித் தாள்கள், சாட்சி வாக்குமூலங்கள், பார்வை மகஜர் (சம்பவ இடத்தைப் பார்த்து எழுதிய பதிவு), மாதிரி வரைபடம், கைப்பற்றுதல் மகஜர்கள், பிரேதப் பரிசோதனைச் சான்று, ஆய்வகத்துக்குப் போன கடிதங்கள் எல்லாம் அதற்குள் கிடக்கும். தமிழ்நாடு காவல்துறையின் புலனாய்வுப் பிரிவுகளைப் படமாக வரைந்தால் சுவர் போதாது. இந்த ஒரு கோப்பு எங்கே பிறக்கிறது, யார் கைக்குப் போகிறது, எங்கே தூங்குகிறது என்று பின்தொடர்ந்தால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில் ஒரு விஷயம். எத்தனை பிரிவு இருந்தாலும் ஒரு வழக்குக்குப் புலனாய்வு அதிகாரி என்று ஒருவர்தான். ஐ.ஓ. என்பார்கள். தமிழ்நாட்டில் பெரும்பாலான ஸ்டேஷன்களுக்கு இன்ஸ்பெக்டரே பொறுப்பு அதிகாரி. கொலை போன்ற கடும் குற்றங்களுக்கு அவரே ஐ.ஓ. அடிதடி, சில்லறைத் திருட்டு எல்லாம் எஸ்.ஐ., எஸ்.எஸ்.ஐ. கைக்குப் போகும். “மூன்று தனிப்படைகள் அமைப்பு” என்று படிக்கிறோமே, அந்தத் தனிப்படையின் வேலை ஆளைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து ஐ.ஓ.விடம் ஒப்படைப்பதோடு முடிகிறது. கைதுக் குறிப்பு, வாக்குமூலம், ரிமாண்ட் அறிக்கை எல்லாவற்றிலும் கையெழுத்து ஐ.ஓ.வுடையது. பின்னாளில் கூண்டில் ஏறி குறுக்கு விசாரணையில் நிற்கப்போவதும் அவர்தான்.

ஃபைல் பிறப்பதற்கு முன்பே பலர் ஏமாறும் இடம் சி.எஸ்.ஆர். ரசீது. புகார் கொடுத்ததும் ஒரு எண் போட்டு ரசீது தருகிறார்கள். வழக்குப் பதிவாகிவிட்டது என்று வீட்டுக்கு வந்துவிடுகிறோம். சி.எஸ்.ஆர். என்பது மனு வந்ததற்கான அத்தாட்சி மட்டுமே. அதன் மேல் கேஸ் டைரி கிடையாது, நீதிமன்றத்துக்கு எதுவும் போகாது, காலக்கெடு எதுவும் ஓடாது. குற்ற எண் விழுந்தால்தான் வழக்கு. கைது செய்யத்தக்க குற்றம் புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் லலிதா குமாரி வழக்கில் 2013-லேயே சொல்லிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். ஒரு சின்ன ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறது: 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி.யின் முன் அனுமதியோடு 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தலாம். 15-வது நாளும் “விசாரணையில் இருக்கிறது” என்றால் அது சட்டத்தில் இல்லாத விசாரணை. ஸ்டேஷனில் பதிவு செய்யவே மறுத்தால் புகாரைத் தபாலில் எஸ்.பி.க்கு அனுப்பலாம், அதற்கும் பலன் இல்லையென்றால் பிரமாணப் பத்திரத்தோடு மாஜிஸ்ட்ரேட்டிடம் போகலாம். இந்த வரிசை முக்கியம். எஸ்.பி.க்கு அனுப்பிய தபால் அத்தாட்சி இல்லாமல் நேரே கோர்ட்டுக்குப் போனால் மனு திரும்பி வரும்.

சென்னை போன்ற மாநகரங்களில் ஒரே கட்டடத்தில் இரண்டு இன்ஸ்பெக்டர்கள் இருப்பார்கள்: சட்டம் ஒழுங்கு ஒருவர், கிரைம் ஒருவர். பெயரைப் பார்த்து கொலை வழக்கு கிரைம் இன்ஸ்பெக்டருடையது என்று நினைப்பது இயல்பு. அப்படியில்லை. உடலுக்கு எதிரான குற்றங்கள், அதாவது கொலை, கொலை முயற்சி, அடிதடி, கலவரம் ஆகியவை சட்டம் ஒழுங்கு பக்கம். சொத்துக் குற்றங்கள், அதாவது திருட்டு, வீடு புகுதல், வழிப்பறி, கொள்ளை ஆகியவை கிரைம் பக்கம். நகைக்காக மூதாட்டியைக் கொன்றால்? அது ‘ஆதாயக் கொலை’; கிரைம் கணக்கில் சேரும். சம்பவம் நடந்த இரவில் நோக்கம் தெரியாதபோது இரண்டு அறைகளுக்கும் நடுவே ஃபைல் கொஞ்ச நேரம் ஊசலாடுவது உண்டு. சாலை விபத்தில் மரணம் என்றால் இரண்டு பேருக்கும் இல்லை, போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவுக்கு. ஊர்ப்பக்கத்தில் இந்தப் பாகுபாடு கிடையாது. ஒரே இன்ஸ்பெக்டர், எல்லாம் அவர் தலையில்.

அந்த ஒரே இன்ஸ்பெக்டர்தான் திருவிழா பந்தோபஸ்து, தலைவர்கள் வருகை, தேர்தல் என்று வாரக்கணக்கில் வெளியே நிற்கிறார். 2006-ல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் புலனாய்வையும் சட்டம் ஒழுங்கையும் பிரிக்கச் சொன்னது இதற்காகத்தான். முதலில் 10 லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களில் தொடங்கலாம் என்றது. காகிதத்தில் பிரித்தாலும் பந்தோபஸ்து பட்டியல் வரும்போது கிரைம் ஆட்களின் பெயரும் அதில் இருக்கிறது. என் கணிப்பில், இங்கே புலனாய்வு தாமதத்துக்கு முதல் காரணம் திறமைக் குறைவு கிடையாது, இந்தப் பந்தோபஸ்துதான். டைரித் தாள்களின் தேதிகளை வரிசையாகப் பார்த்தாலே தெரியும்: முதல் வாரம் தினமும் எழுதியிருக்கும், பிறகு 3 வாரம் வெறுமை, அப்புறம் ஒரே நாளில் 9 சாட்சிகளை விசாரித்ததாக ஒரு நீளமான பதிவு.

முதல் இரவு

ஒரு வெட்டு வழக்கை எடுத்துக்கொள்வோம். இரவு 10 மணிக்குச் சம்பவம். ஆள் அரசு மருத்துவமனைக்குப் போகிறார். பணி மருத்துவர் ஆக்சிடென்ட் ரெஜிஸ்டரில் குறித்துவிட்டு, அங்குள்ள அவுட்போஸ்ட் மூலம் ஸ்டேஷனுக்கு இன்டிமேஷன் அனுப்புகிறார். எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் போய் வாக்குமூலம் வாங்கி வந்து, பி.என்.எஸ். (பழைய ஐ.பி.சி.யின் இடத்தில் வந்த சட்டம்) 109 பிரிவில் கொலை முயற்சி என்று எஃப்.ஐ.ஆர். போடுகிறார். விடியற்காலையில் ஆள் இறந்துபோனால் அதே குற்ற எண்ணில் 103-க்குப் பிரிவை மாற்றி, மாற்று அறிக்கை நீதிமன்றத்துக்குப் போகிறது. ஃபைல் எஸ்.ஐ.யிடமிருந்து இன்ஸ்பெக்டருக்கு நகர்வது இந்த நொடியில்.

பிற்பாடு வழக்கு தோற்கும் காரணங்களில் பாதி இந்த ஏழெட்டு மணி நேரத்தில் விதைக்கப்பட்டவை. ஏ.ஆர். (ஆக்சிடென்ட் ரெஜிஸ்டர்) காப்பியில் மருத்துவர் “தெரிந்த 3 நபர்கள்” என்று எழுதியிருப்பார், எஃப்.ஐ.ஆரில் 5 பெயர் இருக்கும். கூடுதல் இருவர் யார், நடுவில் யார் சேர்த்தது என்பதுதான் எதிர்த்தரப்பு வக்கீலின் முதல் கேள்வி. இரண்டாவது கேள்வி, எஃப்.ஐ.ஆர். மாஜிஸ்ட்ரேட்டின் கைக்கு எப்போது போனது. கடும் குற்றங்களில் எக்ஸ்பிரஸ் எஃப்.ஐ.ஆர். என்று ஒரு காவலர் கையில் கொடுத்து, நேரம் காலம் பாராமல் மாஜிஸ்ட்ரேட்டின் வீட்டுக்கே அனுப்பவேண்டும். வாங்கிக்கொண்ட நேரத்தை அவர் எழுதிக் கையெழுத்திடுவார். 11.30-க்குப் பதிவானது என்று சொல்லும் எஃப்.ஐ.ஆர். மறுநாள் மதியம் 2 மணிக்குப் போய்ச் சேர்ந்திருந்தால், அந்தப் பதினான்கரை மணி நேரத்துக்கு விளக்கம் வேண்டும். பஸ் இல்லை என்று சொல்லிப் பார்த்தவர்கள் உண்டு, எப்போதும் எடுபடாது.

சம்பவ இடத்தில் இன்ஸ்பெக்டர் செய்யவேண்டியவை: இரண்டு சாட்சிகள் முன்னிலையில் பார்வை மகஜர், மாதிரி வரைபடம், பிறகு கைப்பற்றுதல். சாட்சிகள் பெரும்பாலும் கிராம நிர்வாக அலுவலரும் அவருடைய உதவியாளரும். கொலைக் கோப்புகளில் தவறாமல் வரும் இரண்டு டப்பாக்கள்: ரத்தக்கறை படிந்த மண், ரத்தக்கறை படியாத மண். கேட்க வேடிக்கையாக இருக்கும். கறை படியாத மண் இல்லாவிட்டால், ஆய்வகத்தில் கிடைத்த முடிவு ரத்தத்தால் வந்ததா, அந்த மண்ணின் இயல்பா என்று ஒப்பிட வழி இல்லை. வரைபடத்தில் தெருவிளக்கு எங்கே, அதிலிருந்து உடல் கிடந்த இடம் எத்தனை அடி என்று குறிக்க மறந்துவிட்டால், ‘இருட்டில் எப்படி அடையாளம் கண்டீர்கள்’ என்ற கேள்விக்கு நேரில் பார்த்த சாட்சி தனியாகத் திணற வேண்டியிருக்கும்.

இப்போது தேடுதலையும் கைப்பற்றுதலையும் வீடியோவில் பதியவேண்டும், பி.என்.எஸ்.எஸ். 105. பட்டியல் எழுதுவது, சாட்சிகள் கையெழுத்திடுவது உட்பட எல்லாம் பதிவில் இருக்கவேண்டும். முன்பெல்லாம் ஸ்டேஷனில் உட்கார்ந்து மகஜர் எழுதி, சாட்சியை வரவழைத்துக் கையெழுத்து வாங்கியது போல் இனி முடியாது. 7 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் நேரில் வரவேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. இதை நடைமுறைக்குக் கொண்டுவர மாநிலங்களுக்கு 5 ஆண்டு அவகாசம். கைரேகைப் பிரிவு, மோப்ப நாய், போட்டோகிராபர் ஆகியோர் காவல்துறையின் ஆட்கள். ஆனால் தடய அறிவியல் துறை காவல்துறைக்குள் இல்லை. உள்துறையின் கீழ் தனித்துறை அது. அதன் வேர் 1849-ல் மதராஸில் தொடங்கிய ரசாயனப் பரிசோதகர் அலுவலகம். ஐ.ஓ. அவசரப்படுத்தினாலும் ஆய்வக வரிசை அவர் சொல்படி நகராததற்குக் காரணம் இந்தப் பிரிவினை. அது நல்லதுதான் என்றும் சொல்லவேண்டும். ஆய்வகம் இன்ஸ்பெக்டரின் கீழே இருந்தால் அறிக்கையை யார் நம்புவார்?

சட்டையும் செல்போனும்

பொருள் ஆய்வகத்துக்குப் போகும் பாதையும் சுற்றுவழி. ஐ.ஓ. நேரே கொண்டுபோய்க் கொடுக்க முடியாது. முதலில் பொருள்களைப் பட்டியலோடு மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் ஒப்படைக்கவேண்டும். பிறகு ஆய்வுக்கு அனுப்பும்படி வேண்டுகோள் கடிதம் கொடுத்தால், கோர்ட் சீல் வைத்து, காவலர் மூலம் அனுப்பும். அறிக்கை திரும்பி வருவதும் கோர்ட்டுக்கே. இந்தச் சங்கிலியில் அலுங்காமல் நிற்கவேண்டியவை மூன்று: கைப்பற்றிய தேதி, கோர்ட்டில் ஒப்படைத்த தேதி, ஆய்வகம் சீலைச் சரிபார்த்து வாங்கிய தேதி. முதல் இரண்டுக்கும் நடுவே 20 நாள் இடைவெளி இருந்தால் அந்த 20 நாளும் அரிவாள் எங்கே இருந்தது என்று ஸ்டேஷன் பொருள் பதிவேடு காட்டவேண்டும். காட்டாது, அங்கேதான் வழுக்கும்.

ரத்தம் தோய்ந்த சட்டையைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டுவது இன்றும் நடக்கிற தவறு. ஈரம் வெளியேற வழியில்லாமல் இரண்டு மூன்று நாளில் பூஞ்சை பிடித்து, ரத்தப் பிரிவோ டி.என்.ஏ.வோ எடுக்க முடியாமல் போகும். நிழலில் காயவைத்து, ஒவ்வொரு துணியையும் தனித்தனிக் காகித உறையில் போடவேண்டும். இறந்தவர் சட்டையும் எதிரியின் (குற்றம் சாட்டப்பட்டவரின்) சட்டையும் ஒரே பையில் போனால் அறிக்கை எப்படி வந்தாலும் பயனில்லை.

செல்போனை எடுத்தவுடன் அதைத் திறந்து வாட்ஸ்அப் பார்க்கத் தோன்றும். பார்த்த நேரம் உள்ளே பதிந்துவிடும். ஏரோபிளேன் மோடில் போட்டு, இரண்டு ஐ.எம்.இ.ஐ. எண்களையும் சிம் எண்ணையும் மகஜரில் எழுதி, சீல் வைத்து அனுப்பவேண்டும். மின்னணுப் பதிவு எதுவானாலும் புதிய சாட்சியச் சட்டத்தின் 63(4) சான்று தேவை. பழைய 65-பி சான்றின் வாரிசு இது. இப்போது இரண்டு பகுதி: ஒன்றில் பதிவைத் தருபவர் கையெழுத்து, மற்றதில் நிபுணர் கையெழுத்து, கூடவே ஹேஷ் மதிப்பு, அதாவது பதிவு மாறவில்லை என்று காட்டும் எண். கடைக்காரரிடம் பென் டிரைவில் சி.சி.டி.வி. காட்சியை வாங்கிவிட்டு, சான்றை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதுதான் அடிக்கடி நடக்கிறது. இரண்டு வருஷம் கழித்து விசாரணை வரும்போது கடை இருக்காது, காட்சியைச் சேமித்த டி.வி.ஆர். பெட்டி இருக்காது. சி.சி.டி.வி. பதிவுகள் பல இடங்களில் 15 முதல் 30 நாளில் பழையதன் மேல் புதியது எழுதிக்கொள்ளும். தொலைபேசி நிறுவனங்கள் சி.டி.ஆர். என்னும் அழைப்பு விவரத்தைக் குறைந்தது 2 ஆண்டு வைத்திருக்கவேண்டும் என்பது உரிம நிபந்தனை. ஆகவே எதை முதலில் ஓடிப்போய் எடுக்கவேண்டும் என்பதில் சந்தேகமே வேண்டாம்: கேமரா முன்னால், சி.டி.ஆர். பின்னால். சி.டி.ஆர். கேட்கும் கடிதம் எஸ்.பி. நிலை அதிகாரி மூலம் போவதால் அதற்கு எப்படியும் சில நாள் ஆகும். வந்த பிறகும், டவர் காட்டுவது ஒரு பரப்பைத்தான். ஆள் அந்தத் தெருவில் நின்றார் என்று அதை வைத்து எழுதினால் குறுக்கு விசாரணையில் கரைந்துபோகும்.

ஸ்டேஷனுக்கு மேலே

ஆவணத்தை வைத்து நடக்கும் மோசடிகள் மாவட்டத்தில் டி.சி.பி. என்னும் மாவட்டக் குற்றப்பிரிவுக்கும், மாநகரங்களில் சி.சி.பி. என்னும் மத்தியக் குற்றப்பிரிவுக்கும் போகும். சென்னை சி.சி.பி.க்குள் நில மோசடி, வேலை மோசடி, வங்கி மோசடி என்று தனித்தனிக் குழுக்கள் உண்டு. எந்தத் தொகைக்கு மேல் அங்கே, எதற்குக் கீழே ஸ்டேஷனில் என்பது சுற்றறிக்கைக்குச் சுற்றறிக்கை மாறும். வாசலில் கேட்டுக்கொள்வது உத்தமம்.

மாநில அளவில் மூத்தது சி.பி.சி.ஐ.டி. 1902-ல் அமைந்த ஃப்ரேஸர் கமிஷனின் பரிந்துரையால் 1906-ல் மதராஸ் மாகாணத்தில் உருவான சி.ஐ.டி.யின் நேர்வாரிசு. அங்கே யாரும் நேராகப் போய்ப் புகார் கொடுத்து வழக்காக்குவது அபூர்வம். டி.ஜி.பி. உத்தரவு, அரசு உத்தரவு, உயர் நீதிமன்ற உத்தரவு, இவற்றில் ஒன்றின் பேரில்தான் ஃபைல் போகும். சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு 1983-ல் வந்தது. பொதுமக்களிடம் டெபாசிட் வாங்கி ஓடும் நிதி நிறுவனங்களைப் பார்ப்பது பொருளாதாரக் குற்றப்பிரிவு. டெபாசிட்தாரர் நலன் காக்கும் 1997-ம் ஆண்டின் டி.என்.பி.ஐ.டி. சட்டம் அதன் ஆயுதம். இங்கே ஐ.ஓ. மட்டும் போதாது. சொத்தை முடக்க அரசாணை, அதை ஏலம்விட்டுப் பிரித்துக்கொடுக்கத் தகுதிவாய்ந்த அதிகாரியாக டி.ஆர்.ஓ. (மாவட்ட வருவாய் அலுவலர்), உறுதிசெய்யத் தனி நீதிமன்றம் என்று மூன்று மேசை. குற்றப்பத்திரிகை போன பிறகும் பணம் வராமல் வருஷங்கள் ஓடுவதன் சூட்சுமம் அதுதான். லஞ்ச ஒழிப்புத் துறை 1964 முதல் தனியாக இருக்கிறது, டி.ஜி.பி.யின் கீழ் வராது.

யார் ஐ.ஓ.வாக இருக்கலாம் என்பதைச் சில சட்டங்கள் கறாராகச் சொல்லிவிடுகின்றன. தகவல் தொழில்நுட்பச் சட்ட வழக்கென்றால் இன்ஸ்பெக்டருக்குக் குறைந்தவர் கூடாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கென்றால் டி.எஸ்.பி.; 60 நாளில் முடிக்கவேண்டும். போக்சோவில் குழந்தையிடம் வாக்குமூலம் வாங்குபவர் சீருடையில் இருக்கக்கூடாது, முடிந்தவரை எஸ்.ஐ. நிலைக்குக் குறையாத பெண் அதிகாரியாக இருக்கவேண்டும். தமிழ்நாட்டில் 1992-ல் ஆயிரம் விளக்கில் தொடங்கிய அனைத்து மகளிர் காவல் நிலையங்களுக்கு இந்த வழக்குகள் போவது இதனால்தான். திருமணமாகி 7 ஆண்டுக்குள் பெண் இறந்தால் பிரேத விசாரணையை ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) நடத்துவார்.

சி.பி.ஐ.க்கு மாற்றுவது வேறு கதை. 1946-ம் ஆண்டின் டெல்லி சிறப்புக் காவல் சட்டப்படி மாநிலத்தின் சம்மதம் வேண்டும். தமிழ்நாடு தன் பொதுச் சம்மதத்தை 2023 ஜூனில் திரும்பப் பெற்றுக்கொண்டது. உயர் நீதிமன்றமோ உச்ச நீதிமன்றமோ உத்தரவிட்டால் அந்தச் சம்மதம் தேவையில்லை.

எங்கே மாற்றினாலும் புது ஐ.ஓ. செய்யும் முதல் காரியம் சாட்சிகளை மறுபடி விசாரிப்பது. அதில் ஒரு ஆபத்து: பழைய வாக்குமூலமும் புதியதும் சேர்ந்தே கோர்ட்டில் இருக்கும், இரண்டுக்கும் உள்ள ஒவ்வொரு வேறுபாடும் எதிர்த்தரப்புக்குக் கிடைத்த பரிசு. சாதாரண இடமாறுதலில் இதைவிட மோசமாக, கோப்பு பட்டியல் இல்லாமல் கைமாறும். மூன்றாவது ஐ.ஓ. கூண்டில் நின்று “அது எனக்கு முன்பிருந்த அதிகாரி” என்று சொல்ல, முன்பிருந்தவர் ஓய்வுபெற்றிருப்பார்.

இதெல்லாம் நடக்கும்போதே கடிகாரம் ஓடுகிறது. மரண தண்டனை, ஆயுள், 10 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களுக்கு 90 நாள், மற்றவற்றுக்கு 60 நாள். அதற்குள் குற்றப்பத்திரிகை போகாவிட்டால் எதிரிக்கு ஜாமீன் உரிமையாகிவிடும். கைதான நாளிலிருந்து எண்ணுவதில்லை. ரிமாண்ட் ஆன நாளிலிருந்து, அந்த நாளையும் சேர்த்து. ஒருநாள் பிசகால் வெளியே போனவர்கள் இருக்கிறார்கள். ஆய்வக அறிக்கை வரவில்லை என்று காத்திருக்கத் தேவையில்லை, பின்னர் கூடுதல் அறிக்கை போடலாம். புகார்தாரருக்கும் ஒரு தேதி இருக்கிறது: 90 நாளுக்குள் விசாரணையின் நிலையை ஐ.ஓ. தெரிவிக்கவேண்டும். கேட்டு வாங்குபவர்கள் குறைவு.

வழக்கு பொய், அல்லது விவரத்தைத் தவறாகப் புரிந்துகொண்டு கொடுத்த புகார் என்று ஐ.ஓ. முடித்தால், அதைப் புகார்தாரருக்குத் தெரிவிக்கும் ஆர்.சி.எஸ். நோட்டீஸ் வரும். கையெழுத்துப் போட்டு வாங்கினால் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பயந்து மறுக்கிறார்கள், அதில் லாபமில்லை. வாங்கிக்கொண்டு, தேதியைக் குறித்துக்கொண்டு, மாஜிஸ்ட்ரேட்டிடம் ஆட்சேபனை மனு போடலாம். அவர் மேல்விசாரணைக்கு உத்தரவிடலாம், அறிக்கையைத் தள்ளிவிட்டு வழக்கைத் தானே கோப்புக்கு எடுத்துக்கொள்ளவும் செய்யலாம்.

கண்டுபிடிக்க முடியவில்லை என்று முடிக்கும் திருட்டு வழக்குகள் வேறு ரகம். வண்டி பறிகொடுத்தவர் இன்சூரன்ஸுக்காக நான்-டிரேசபிள் சான்று வாங்கிக்கொண்டு போய்விடுவார். ஃபைல் அலமாரிக்குப் போகும். என்றாவது வேறு மாவட்டத்தில் ஒருவன் பிடிபட்டு, “அங்கேயும் ஒரு புல்லட் எடுத்தேன்” என்று சொல்வான். அங்கிருந்து குற்ற எண்ணைக் கேட்டு போன் வரும். சிறையில் இருப்பவனை பி.டி. வாரண்டில் (சிறைக்கைதியை வரவழைக்கும் கோர்ட் உத்தரவு) வரவழைத்து, இந்த வழக்கிலும் கைதானதாக ஃபார்மல் அரெஸ்ட் காட்டவேண்டும். ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் அலமாரியைத் திறந்து, பழைய ஃபைலைத் தூசி தட்டி, கடைசித் தாளுக்கு அடியில் புதுத் தேதி போட்டு எழுத உட்காருவார்.